நாற்பது சொல்

கோண்டாவில் ஸ்ரேசனுக்குப் பின்னால்
அன்னம் மார்க் சவர்க்காரக் கொம்பனி இருந்த வளவில்
இப்போது குளிரூட்டி பூட்டியிருக்கிறார்கள்.
நன்னித்தம்பி முதலாளி நினைவு அருங்காட்சியகம்.
திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள்.
பொருள்களுக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டைகளை
எழுதுவது என் வேலை.
அட்டைக்கு நாற்பது சொல்.
கூடினால் ஸ்காபரோவிலிருந்து மகன் வெட்டுவார்.

முதல் அறை சுகம்.
சரிகைத் தலைப்பாகை, வெள்ளிப் பூண் கைத்தடி,
மலாயாவிலிருந்து கப்பலில் வந்த தமிழ்த் தட்டச்சுப் பொறி.
அதில் ‘ழ’ விழாது.
யாழ்ப்பாணம் என்று எழுதும்போதெல்லாம்
நடுவில் இடம் விட்டு
பேனையால் போட்டுக்கொள்வாராம்.

இரண்டாம் அறையில்
கச்சேரி நோட்டீசுகள், மஞ்சளும் றோசாவுமாக.
தவில் வித்துவான் ஒருவருக்கு எழுதிக்கொடுத்த
வீட்டு உறுதி.
கறையானிடமிருந்து பிடுங்கி அச்சேற்றிய
பதினேழு கூத்துப் புத்தகங்கள்.
எல்லாம் உண்மை.
நான் ஒரு சொல்லும் கூட்டி எழுதவில்லை.

மூன்றாம் அறையில் கொதிகலன்.
தகரத்தில் நாலு சன்னத் துளை,
வளவு முகாமாய்க் கிடந்த காலத்தது.
அடைக்க வேண்டாம் என்றேன், விட்டுவிட்டார்கள்.
அதன் பக்கத்தில்
மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஒரு கம்பி.
சவர்க்காரப் பாளத்தைத் துண்டு போடுவது.

இந்த அட்டைதான் வரமாட்டேன் என்கிறது.

களஞ்சிய அறையில் கணக்குக் கொப்பி கிடைத்தது.
அறுபத்தேழு, மாசி:
‘நாதஸ்வரக் கச்சேரி, மூன்று இரவு, ரூபா 1850.
வெட்டுப் பகுதிப் பெண்கள் கூலி,
பங்குனியில் பார்க்கலாம்.’
ஒரே கை, ஒரே மை.
வடிவான எழுத்து,
ஒவ்வொரு ‘ர’வுக்கும் கீழே சின்ன வால்.

அம்மா இங்கே ஒன்பது வருசம் வெட்டினவ.
ஒரு பின்னேரம் ஓட்டோவில் கூட்டிவந்தேன்.
‘தொடாதீர்கள்’ என்று நான் எழுதிய பலகையை
தொட்ட பிறகுதான் வாசித்தா.
“கோஸ்டிக் மணம் எங்க?” என்றா.
கழுவிவிட்டார்கள் என்றேன்.

கொப்பியை வாசித்துக் காட்டினேன்.
கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஓம், அந்தக் கச்சேரி.
எங்களுக்காகப் பின்கதவைத் திறந்துவிடச் சொன்னவர்.
பெட்டியளுக்கு மேல இருந்து கேட்டனாங்கள்.
விடியப்புறம் தோடி.”

பிறகு, கம்பியைப் பார்த்துக்கொண்டே,
“வீட்டில அரிசி இல்லை.
கொண்ணன் பசியில கத்திக்கொண்டு கிடந்தவன்.
தோடி நல்லாத்தான் இருந்தது.”

இரண்டையும் ஒரே குரலில் சொன்னா.
எந்த வரியில் குரல் ஏறியது என்று
இரவு முழுக்க யோசித்துப் பார்த்தேன்.
ஏறவில்லை.

அட்டையில் உங்கட பேரைப் போடட்டா, அம்மா?

“எனக்கென்னத்துக்கு?
பறுவதத்தின்ர பேரைப் போடு.
அவளுக்குத்தான் விரல் போனது.
முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்,
ஒரு பை தோடம்பழத்தோட.
அவளால உரிக்கேலாமல் போச்சு.
நாங்கள்தான் உரிச்சுக் குடுத்தனாங்கள்.”

பறுவதத்தின் தகப்பன் பேர் அம்மாவுக்குத் தெரியாது.
ஊர் ஏழாலைப் பக்கம்.
கூலிப் பதிவில் தேடினேன்.
பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 41.
சித்திரைக்குப் பிறகு 41 இல்லை.
42-க்கு மேலே ஒரு வெறும் கோடு,
மட்டம் பிடித்து இழுத்தது.

எழுதி அனுப்பினேன்:
‘சவர்க்காரம் வெட்டும் கம்பி. உருக்கு, பாலை மரம். 1961.
இதில் வேலை செய்தவர்களில் ஒருவர் பறுவதம், ஏழாலை.
வலக்கைச் சுட்டுவிரல்.’

பதினைந்து சொல்.
இருபத்தைந்து மிச்சம்.

விடியவே மறுமொழி வந்தது.
மகன் நல்ல மனிசன், தமிழ் மறக்காதவர்.
படம் அழகாக இருக்கிறது, நன்றி.
ஒரு சின்னத் திருத்தம் மட்டும்:
கடைசி வசனத்துக்கு வினைச்சொல் இல்லையே?

இன்னும் நாலு நாள் இருக்கிறது.
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.